மேலே போன கல்

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை ஜெனூபாவைக் குசினி ஜன்னலடியில், கையில் ஒரு கடிதத்தோடு விட்டுவிட்டு வந்தோம். ஏழு நாளாக அவள் அங்கேயே நின்றிருப்பாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு ஜெனூபாவைத் தெரியாது. கடிதத்தை நாலாக மடித்துப் பருப்புப் போத்தலில் பருப்புக்கு அடியில் புதைத்துவிட்டு, அந்த நிமிடமே மீன் கழுவப் போய்விட்டாள். அந்த வீட்டில் பருப்புப் போத்தலைத் திறக்கிறவள் அவள் ஒருத்திதான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. சாய்ந்தமருதில் கடற்கரை வீதிக்கு இரண்டு வளவு உள்ளே அந்த வீடு. எங்கள் பக்கத்து வழமைப்படி வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். அப்படிப் பதினாறு வருடத்துக்கு முன் வந்து சேர்ந்தவர் பஸால், கொழும்பு பஸ் ஓட்டுகிறவர். ஜெனூபா ஆங்கில டீச்சர். அவளுடைய உம்மா மௌத்தாகி மூன்று வருடம். வாப்பா முகம்மது தம்பிக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது.

தங்கை றிப்னாவுக்கு இருபத்தாறு வயது. போன வருடம் அவளுக்கு வந்த ஒரு சம்பந்தம் எப்படிப் போனதென்று மறந்திருக்க மாட்டீர்கள். பெண் பார்க்க வருகிற நாளை இவர்கள் இரண்டு தரம் தள்ளிப் போட்டார்கள். மூன்றாம் தரம் அவர்களே வரவில்லை. அதை நினைத்தால் ஜெனூபாவுக்கு இன்னும் வயிறு எரியும்.

இனி அந்தக் கடிதம். ஆங்கில ஆசிரியர்களுக்குக் கற்பிக்கிறவர்களை உருவாக்கும் ஒரு வருடப் படிப்பு. கண்டிப் பக்கத்தில் தங்கியிருந்து படிக்க வேண்டும். நேர்முகப் பரீட்சை வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, அம்பாறையில். முதல் தரம் அழைத்தபோது மகள் ஆகிலாவுக்குக் கொப்புளிப்பான். இரண்டாம் தரம் உம்மாவின் கடைசிக் கிழமை. இது மூன்றாம் தரம். நாற்பது வயதைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள், ஜெனூபாவுக்கு வருகிற தையில் நாற்பது.

அந்தப் பாழாய்ப்போன வியாழக்கிழமைதான் வாப்பாவுக்குக் கண் கிளினிக். அதே வியாழக்கிழமைதான் றிப்னாவுக்கு இப்போது பேசியிருக்கிற மாப்பிள்ளை நிஸாமின் உம்மா, றுகையா மாமி, தொலைபேசியில் கோல் எடுத்து, "வியாழன் அஸறுக்குப் பிறகு வாறம் மகள்" என்று சொன்ன நாளும். இன்னொரு தரம் நாள் தள்ள ஜெனூபாவுக்கு வாய் வருமா?

"வாங்க மாமி, தாராளமா வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய கணக்கு இப்படி. காலை ஆறு மணிக்குப் பஸால் கொழும்பிலிருந்து வந்து இறங்குவார், அப்படியே வாப்பாவைக் கிளினிக்குக் கூட்டிப் போவார். முதல் இரண்டு பாடத்தையும் தானே எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கூடப் படிப்பிக்கிற கஜேந்தினியிடம் கொடுப்பது. அம்பாறைக்கு பஸ். பன்னிரண்டுக்கு நேர்முகம் முடியும். மூன்று மணிக்கு வீடு. நாலரைக்கு மாப்பிள்ளை வீட்டார். எல்லாம் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தியது.

ஒரு இடத்தில்தான் கோணல். நேர்முகத்தைப் பற்றி வீட்டில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. சொன்னால், "முதல்ல தங்கச்சிட காரியம் முடியட்டும்" என்பார்கள் என்று அவளே முடிவுகட்டிவிட்டாள். அதனால் ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வாப்பாவுக்கு, "ஸ்கூல்ல மீட்டிங்." புருசனுக்கு, "வலயக் கல்விக் காரியாலயத்தில ஒரு கையெழுத்து." பக்கத்து வீட்டுப் பாத்துமுத்து மாமிக்கு, "றிப்னாவுக்குச் சீலை எடுக்கக் கல்முனைக்குப் போறன்." றிப்னாவுக்கு எதுவுமே இல்லை, "நாலு மணிக்கு முன்ன வந்திருவன்" என்பது மட்டும்.

பாவம், நல்ல மனசோடுதான் செய்தாள். எனக்கே அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை.

*

பத்தாம் வகுப்பில் அன்றைக்கு ஒரு வாசிப்புப் பாடம். அதில் ஒரு வரி. ஒரு தாய் வீட்டையும் காரியாலயத்தையும் இரவுப் படிப்பையும் 'ஜக்ல்' பண்ணுகிறாள் என்று.

"ஜக்ல் எண்டா என்ன?"

ஆகிலா கையைத் தூக்கினாள். ஜெனூபாவின் மகள்தான். வீட்டில் உம்மா, வகுப்பில் டீச்சர். அந்த ஒழுங்கை அவள் ஒருநாளும் மறந்ததில்லை, வாய்த் துடுக்கை மட்டும் இரண்டு இடத்துக்கும் ஒரேயளவாக வைத்திருந்தாள்.

"சர்க்கஸ்ல கோமாளி மூணு பந்தை மேல எறிஞ்சு எறிஞ்சு பிடிக்கிறது, டீச்சர்."

"சரி. இந்த உம்மா பந்தா எறியிறா?"

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"கன வேலையை ஒரே நேரத்தில, ஒண்டும் கீழ விழாமச் சமாளிக்கிறா. நேரத்தை ஜக்ல் பண்ணலாம். வேலையை ஜக்ல் பண்ணலாம்."

"அது எல்லா உம்மாமாரும் செய்யிறதுதானே டீச்சர்? அதுக்கு என்னத்துக்குத் தனியா ஒரு சொல்லு?"

ஜெனூபா சோக்குக் கட்டியை ஐந்து துண்டாக முறித்து மேசையில் பரப்பினாள்.

"அஞ்சு கல்லு வெச்சுக் கொக்கான் வெட்டியிருக்கீங்களா?"

முன் வாங்கில் இருந்த பிள்ளைகள் எழும்பி வந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜெனூபா ஒரு துண்டை மேலே எறிந்தாள். அது கீழே வருவதற்குள் மேசையிலிருந்த ஒன்றை வழித்தெடுத்து, வந்த துண்டையும் அதே கையால் பிடித்தாள். பிறகு ஒன்று மேலே, இரண்டு கீழே. ஒன்று மேலே, நாலு கீழே. சிறு வயதில் றிப்னாவோடு வாசலில் குந்தியிருந்து வெட்டிய கை, இன்னும் பழக்கம் விட்டுப் போகவில்லை.

"பாருங்க. கண் மேல போன கல்லில. கை கீழ. இதுதான் ஜக்ல். வேற எதை ஜக்ல் பண்ணலாம்? உண்மையையும் பண்ணலாம். இவருக்கு ஒரு விதமாயும் அவருக்கு ஒரு விதமாயும் மாத்தி மாத்திக் காட்டினா அதுக்கும் அதே சொல்லுத்தான். அப்பிடிப் பண்ணினா அது களவு..."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். தன் வாயால் தன்னைப் பற்றியே சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கு முகம் சூடாகியது.

"டீச்சர், கல்லு விழுந்தா?" ஆகிலாதான்.

"விழுந்தா என்ன? அடுத்த ஆளுக்கு முறை. கல்லைக் குடுத்திட்டுத் தள்ளி இரிக்கணும்."

மணி அடித்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவளை கஜேந்தினி கேற்றடியில் பிடித்தாள். காரைதீவுப் பிள்ளை, நேர்முகத்தைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள்.

"வீட்டில சொல்லிட்டீங்களா டீச்சர்?"

"வந்து சொல்லுவன்."

"ம்ம்" என்றாள் கஜேந்தினி. அந்த 'ம்ம்' ஜெனூபாவுக்குப் பிடிக்கவில்லை.

*

காரைதீவுச் சந்தியால் திரும்பிய பஸ் மாவடிப்பள்ளி வயலையும் சம்மாந்துறையையும் தாண்டி அம்பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து பத்து. பத்தரைக்கு இன்னும் இருபது நிமிடம் மிச்சம். உள்ளே போனால் வாங்கு நிறைய டீச்சர்மார். கையில் ஒரு துண்டு கொடுத்தார்கள். இலக்கம் பதினாலு.

நேர்முகக் குழுவின் தலைவி வந்து சேரப் பதினொன்றேகால். பன்னிரண்டேகாலுக்கு ஆறாம் இலக்கம் உள்ளே போனது. ஒவ்வொருவரும் வெளியே வர வர மற்றவர்கள் சூழ்ந்துகொண்டு, "என்ன கேட்டாங்க?" என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து றுகையா மாமியின் கோல்.

"மகள், அஸ்ஸலாமு அலைக்கும். நிஸாமுக்குப் பின்னேரம் டியூட்டி போட்டுட்டாங்க மகள். ஆசுபத்திரி வேலை, நாங்க என்ன செய்யிற? லுஹர் தொழுதிட்டு இப்பவே வாறம். ஆறு பேர்தான். ஒண்டும் சமைக்க வேணாம், நாங்க சும்மா வந்திட்டுப் போவம்."

ஆறு பேர் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு சஹன். ஒரு தாம்பாளத்தைச் சுற்றி ஆறு பேர் உட்காருவது. பகல் ஒன்றரைக்குப் பெண் வீட்டுக்கு வருகிற ஒரு சஹன் ஆட்களுக்குச் சோறு போடாமல் அனுப்பினால் அந்தக் கதை கல்முனைக்குடி வரைக்கும் போகும். 'ஒன்றும் சமைக்க வேண்டாம்' என்று சொல்வது அவர்கள் மரியாதை. சமைத்து வைப்பது எங்கள் மரியாதை.

ஜெனூபா வீட்டில் இருந்ததை நினைத்துப் பார்த்தாள். 'ஒரு இனிப்புச் சாமான் செய்து தாங்க' என்று பாத்துமுத்து மாமிக்குச் சொல்லியிருந்தாள். மறந்துபோய் பஸாலின் தங்கைக்கும் சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் சொல்லிவைத்ததுபோல வட்டிலப்பம் அவித்து அனுப்பியிருந்தார்கள். நேற்றுப் பின்னேரம் தன் கையாலும் ஒன்று அவித்திருந்தாள். ஆக மூன்று வட்டிலப்பம். சோறு இல்லை. கறி இல்லை.

எழும்பினாள். கைப்பையைத் தோளில் போட்டாள். கேற்றடிக்கு வந்து ஓட்டோ ஒன்றை மறித்துவிட்டுத்தான் றிப்னாவுக்குக் கோல் எடுத்தாள்.

"புள்ள, அவங்க இப்பவே வாறாங்களாம். நான் ஓட்டோவில வாறன். ஒரு மணித்தியாலத்தில வந்திருவன். நீ அரிசியைப் போடு."

"ஒரு மணித்தியாலமா? ஸ்கூல்ல இரிந்து வர ஒரு மணித்தியாலமா? எங்க நிக்கிறீங்க ராத்தா?"

"அம்பாறையில."

"அம்பாறையில உங்களுக்கு என்ன?"

ஓட்டோக்காரர் இயந்திரத்தை உறுமவிட்டார். ஜெனூபா சொன்னாள். கடிதம், பத்தரை மணி, இலக்கம் பதினாலு, பருப்புப் போத்தல், எல்லாம். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

றிப்னாவுக்கு அதில் ஒன்றுதான் காதில் நின்றது.

"மூணாம் தரமா?"

"ஓம்."

"ரெண்டாம் தரம் உம்மாட கட்டிலுக்குப் பக்கத்தில இரிந்தீங்களே, அப்பவும் இது வந்ததா? ஏன் ராத்தா எனக்கிட்ட சொல்லல்ல? நான் என்ன சின்னப் புள்ளையா?" அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "எனக்காகத்தான் விட்டுட்டு வந்தீங்க எண்டு நாளைக்கு ஆகிலா எனக்குச் சொல்லுவாள். அதையும் கேட்டுக்கொண்டு நான் கலியாணம் முடிச்சு இரிக்கணுமா?"

"இப்ப கதைக்க நேரமில்ல புள்ள. உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து அவங்களுக்கு முன்னால விட ஆளில்ல. உம்மா இல்ல, நான்தான்..."

"உள்ள போங்க."

"றிப்னா!"

"நீங்க இப்ப வந்தா வல்லாஹி, சத்தியமா நான் அறையை விட்டு வெளிய வரமாட்டன். அவங்க வந்து சுவரைப் பார்த்திட்டுப் போகட்டும்." பிறகு குரல் தணிந்தது. "கல்லு விழுந்திட்டு ராத்தா. எனக்கிட்ட தந்திட்டுத் தள்ளி இரிங்க. இப்ப என்ட முறை."

கோல் அறுந்தது. ஜெனூபா ஓட்டோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். அவள் திரும்பி வந்து அதே வாங்கில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தரமாகத் தன் கையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

*

சாய்ந்தமருதில் பஸால் அப்போதுதான் மாமனாரைக் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்து இறக்கினார். பஸ் ஓட்டிவந்தவர் கண்மூடித் தூங்கி முப்பது மணித்தியாலம். முகம்மது தம்பிக்கோ கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். மருந்து விட்டுக் கண்பாப்பாவைப் பெரிதாக்கி, ஒரு கறுப்புக் கண்ணாடியையும் மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

"மச்சான், படுக்க வேணாம். ஆறு பேர் வாறாங்க" என்றாள் றிப்னா.

பஸால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காயை உடைத்தார். நல்ல மனுசன். இதை நான் முன்னாலும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

மதில் பக்கமாகப் பாத்துமுத்து மாமியின் குரல். "என்னகா புள்ள, புகை கிளம்புது?"

விசயத்தைக் கேட்டதும் மாமி தன் வீட்டுச் சோற்றுப் பானையையும், இன்னும் கொதி அடங்காத மீனாணக் கறிச் சட்டியையும் மதிலுக்கு மேலால் நீட்டினாள். "எங்கட ஆக்கள் இண்டைக்குக் கடைப் பாண் தின்னட்டும்." கீரை இருந்தது. பருப்பொன்று வேண்டும். றிப்னா போத்தலைத் தட்டில் கவிழ்த்தாள். பருப்போடு கடிதமும் வந்து விழுந்தது.

அவள் அதை வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள். பிறகு பருப்பைக் கழுவி அடுப்பில் வைத்தாள்.

ஒன்றே முக்காலுக்கு ஆட்கள் வந்தார்கள். றுகையா மாமி, நிஸாம், கூட நாலு பேர். விறாந்தையில் சலாம் சொல்லி உட்கார வைத்தாயிற்று. உள்ளே அறைக் கதவுக்குப் பின்னால் றிப்னா தேநீர்த் தட்டோடு நின்றாள். வழமை என்னவென்றால், மூத்த பெண் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டி வரும்வரை பெண் வெளியே வரக்கூடாது.

றுகையா மாமி சுற்றுமுற்றும் பார்த்தாள். "ராத்தா எங்க? காணல்லியே?"

"ஸ்கூல்ல மீட்டிங்" என்றார் முகம்மது தம்பி.

அதே மூச்சில் பஸால், "வலயக் காரியாலயத்துக்குப் போயிரிக்கா" என்றார்.

சஹனைத் தூக்கிக்கொண்டு வந்த பாத்துமுத்து மாமி, ஒன்றும் கேட்காமலே, "சீலை எடுக்கப் போன புள்ளைய இன்னும் காணல்ல" என்றாள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், முகம்மது தம்பி பார்த்தது தூணை. றுகையா மாமியின் கை மடியிலிருந்த கைப்பையை இறுக்கியது. பெண்ணின் ராத்தா எங்கே என்று கேட்டால் மூன்று விடை வருகிற வீட்டில் எந்தத் தாய் மகனைக் கொண்டுவந்து விடுவாள்? ஒரு தரம் கைநழுவிய சம்பந்தம் போல இதுவும் வாசலோடு திரும்பிப் போகப் பார்த்தது.

றிப்னா வெளியே வந்தாள். தனியே. ஒரு கையில் தேநீர்த் தட்டு, மற்றக் கையில் கடிதம்.

"ராத்தா அம்பாறையில நிக்கிறா, மாமி. நேர்முகப் பரீட்சை. இவங்க மூணு பேருக்கும் தெரியாது, எனக்கும் பன்னெண்டரைக்குத்தான் தெரியும். அவ வரத்தான் பார்த்தா. நான்தான் வர வேணாம் எண்டன்."

"என்ன பரீட்சை?" முகம்மது தம்பி கையை நீட்டினார். கடிதத்தை வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார். ஒரு எழுத்தும் தெரியவில்லை. "யாராவது வாசிங்க."

நிஸாம் எழும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "தாங்க மாமா. மருந்து விட்டா அஞ்சாறு மணித்தியாலம் அப்பிடித்தான் இரிக்கும். கண்ணைக் கசக்காதீங்க."

அவன் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னான். கடிதத்தில் ஒட்டியிருந்த ஒரு பருப்பு அவன் மடியில் விழுந்தது. 'வயதெல்லை நாற்பது' என்ற இடம் வந்ததும் முகம்மது தம்பி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கசக்க வேண்டாமென்று சொன்ன கண்ணைத் துடைத்தார்.

"புள்ள என்ட கண்ணைப் பார்த்துப் பார்த்தே தன்ட காரியத்தை ஒளிச்சு வெச்சிரிக்காள்."

றுகையா மாமிதான் முதலில் அசைந்தாள். றிப்னாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"தேத்தண்ணி பிறகு. சோறு ஆறுது. இரி மகள், நீயும் எங்களோட இரி."

பாத்துமுத்து மாமியின் வீட்டு மீனாணத்தில் றுகையா மாமி இரண்டாம் தரமும் சோறு பிசைந்தாள். வட்டிலப்பம் வந்தது. இன்னொரு வட்டிலப்பம் வந்தது. மூன்றாவதும் வந்தபோது றுகையா மாமி சிரித்தே விட்டாள்.

*

இரண்டு இருபதுக்கு ஜெனூபாவின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். கைபேசியை நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். பாடம் பற்றிய கேள்விகள் நன்றாகவே போயின. கடைசியில் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், ஒரு வருடம் வீட்டை விட்டிருக்க வேண்டும், வீட்டை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று.

இந்தக் கேள்வியைத் தனக்கு முன்னால் போன இரண்டு ஆண் ஆசிரியர்களிடமும் கேட்கவில்லை என்பது வாங்கிலேயே ஜெனூபாவுக்குத் தெரிந்துபோயிருந்தது. கேட்க வேண்டியதை ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்கிற கலை வீட்டில் மட்டுமா இருக்கிறது?

ஜெனூபா ஒரு நல்ல விடையைப் பாடமாக்கி வைத்திருந்தாள். ஒழுங்காகத் திட்டமிடுவேன், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று. வாய் திறந்தபோது அது வரவில்லை.

"எல்லாத்தையும் நானே பிடிப்பேன் என்றுதான் இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் நினைத்திருந்தேன், மேடம். பன்னிரண்டரைக்கு ஒன்று கை தவறிவிட்டது. அதை என் தங்கை எடுத்துக்கொண்டாள். இப்போது என் வீட்டில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்துகொண்டுதான் உங்களுக்கு விடை சொல்கிறேன். ஒரு வருடமும் அப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன்."

தலைவி எதையோ எழுதினார். சிரித்தாரா என்று ஜெனூபாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. முடிவு திங்கட்கிழமை. வெளியே வரும்போது எல்லோருக்கும் கொடுத்ததுபோல அவளுக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். அதைப் பஸ்ஸில் வைத்துத்தான் வாசித்தாள். வாசித்துவிட்டுக் கைப்பைக்குள் ஆழமாகத் தள்ளினாள்.

*

அவள் வீட்டுக்கு வந்தபோது ஐந்தே கால். பஸால் கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். வாப்பா கறுப்புக் கண்ணாடியோடு வாசலைப் பார்த்திருந்தார். "ஜெனூபாவா? நடையே சொல்லுது. இஞ்ச வா மகள்."

ஜெனூபா போய்ப் பக்கத்தில் நின்றாள். வாப்பா அவள் கையைத் தேடிப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை.

"பாஸா ராத்தா?" குசினியிலிருந்து றிப்னா.

"திங்கள் சொல்லுவாங்களாம். இஞ்ச?"

"மூணு பேரும் மூணு விதமாச் சொன்னாங்க உம்மா!" ஸ்கூல் விட்டு வரும்போது கடைசி வட்டிலப்பத்துக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட ஆகிலா, பாதி கேட்டதையும் பாதி பார்த்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். நிஸாம் கடிதம் வாசித்தது, பருப்பு விழுந்தது, றுகையா மாமி இரண்டாம் தரம் சோறு பிசைந்தது. ஜெனூபாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு விருப்பம் ராத்தா" என்றாள் றிப்னா, தரையைப் பார்த்தபடி. "எனக்கும். நாள்தான் மிச்சம். நிஸாமுக்கு நேர மூத்த காக்கா கத்தாரில இரிந்து ஒரு கிழமை லீவில வாறாராம். அதுக்குள்ள கலியாணத்தை வெக்கணுமாம். வாற மாசம் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. ராத்தாட வாயால கேட்டுட்டுத்தான் நாள் குறிப்பன் எண்டு மாமி சொன்னா. மஃரிபுக்கு முன்ன கோல் எடுப்பா."

பதினேழு.

ஜெனூபா கைப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தெரிவு செய்யப்படுகிறவர்கள் கண்டிக்கு வந்து சேர வேண்டிய நாள் அந்தத் தாளில் இருந்தது. வருகிற மாதம் பதினேழு, ஞாயிறு, பின்னேரம் நாலு மணிக்கு முன்னர். பிந்தி வருகிறவர்களின் இடம் அடுத்த இலக்கத்துக்குப் போகும்.

இப்போது சொல்ல வேண்டுமா? திங்கள் வரட்டும். கிடைக்காமலே போகலாம். கிடைத்தால் எப்படியாவது... காலையில் கலியாணக் காவின், பகல் சாப்பாடு, ஒரு வாகனத்தை ஒழுங்குபண்ணினால்... அவள் மூளை ஏற்கெனவே கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. தாளை நாலாக மடித்த கை பழக்கத்தில் பருப்புப் போத்தலைத் தேடிச் சுவர்த் தட்டின் மேல் போனது.

போத்தல் அங்கே இல்லை. கழுவிக் காயவைத்திருந்தார்கள். ஜன்னலடியில், வெறுமையாக, தலைகீழாக நின்றது.

ஜெனூபா நீட்டிய கையைத் திரும்ப எடுத்தாள். விறாந்தையில் றிப்னாவின் கைபேசி அடிக்கத் தொடங்கியது.

"றுகையா மாமி!" ஆகிலா கத்தினாள். அந்தச் சத்தத்தில் பஸால் திடுக்கிட்டு எழும்பினார்.

ஜெனூபா வெளியே வந்தாள். மடித்த தாளைப் பிரித்து மேசையில், எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தாள். றிப்னா குனிந்து வாசித்தாள். அவள் முகம் மாறியது.

கைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுத் தாளின் மேலேயே வைத்தாள் ஜெனூபா.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. நாள் சொல்ல முன்ன உங்களிட்ட ஒரு விசயம் சொல்லணும். இவங்களுக்கும் இன்னும் சொல்லல்ல. வீட்டில எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இரிக்காங்க."